துணி தைப்பதை டிவியில் உட்கார்ந்து பார்க்க அதில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: பிரிட்டனில் 'தி கிரேட் பிரிட்டிஷ் ஸ்யூயிங் பீ' என்று ஒரு தையல் போட்டி வருஷக்கணக்காக ஓடுகிறது. அதில் தொழில்முறை டெய்லர் யாரும் கிடையாது, வீட்டில் தனக்குத் தைத்துக்கொள்கிறவர்கள்தான் வருகிறார்கள். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, ஒரு மணி நேரம் முழுக்க மெஷின் சத்தம்தான். அதை ஏன் இத்தனை பேர் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள்? கேட்டவர் கூடவே, பார்ப்பதென்றால் எங்கிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தார். நான் தையல் வகுப்பு எடுக்கிறவள், ரவிக்கையும் சுடிதாரும்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் பதில் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருக்கமாக. தையல் போட்டியில் நடுவர் கண்ணுக்குத் தெரிவது அத்தனையும் நம் கண்ணுக்கும் தெரியும். சமையல் போட்டியில் இது நடக்காது. ஒருவர் ஸ்பூனை வாயில் வைத்து, கண்ணை மூடி, "உப்பு தூக்கல்" என்றால் நம்பித்தான் ஆக வேண்டும். பாட்டுப் போட்டியில் சுருதி விலகியதா இல்லையா என்பது பாதிப் பேருக்குப் பிடிபடாது. ஆனால் ஒரு பாவாடையின் கீழ் ஓரம் இடது பக்கம் ஒரு இன்ச் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால், அதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவருக்கும் அது தெரியும், ஏனென்றால் பார்க்கிற எல்லோரும் ஏதோ ஒரு உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். அக்குளில் பிடிக்கிற சட்டை என்றால் என்ன, கழுத்து பின்னால் இழுக்கிற ரவிக்கை என்றால் என்ன என்று நம் உடம்புக்கே தெரியும். வீட்டில் சோபாவில் இருக்கிறவர்கள் எல்லாரும் நடுவர் ஆகிவிடுகிறார்கள், அதுவும் கையில் சரியான ஆதாரத்தோடு.

இனி விரிவாக. நிகழ்ச்சி பிபிசி டூவில் 2013 ஏப்ரலில் தொடங்கியது. லவ் புரொடக்‌ஷன்ஸ் என்கிற கம்பெனி 2010-ல் கேக் சுடுகிற 'பேக் ஆஃப்' போட்டியைக் கொண்டுவந்து அது பெரிய வெற்றி ஆனதும், அதே அச்சில் வார்த்ததுதான் இது. முதல் பாகம் நாலே எபிசோட், எட்டே போட்டியாளர்கள். துணி தைப்பதை யார் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு வந்த சந்தேகம் சேனலுக்கும் இருந்திருக்கும் போல. அடுத்த ஆண்டே அது எட்டு எபிசோட், பத்துப் பேர் ஆனது, பின்னால் பத்து வாரம், பன்னிரண்டு பேர். நடுவில் 2017, 2018 இரண்டு ஆண்டும் வரவில்லை, 2019-ல் திரும்பி வந்தது, அப்புறம் பிபிசி ஒன்னுக்கே ஏறிவிட்டது. தொகுத்து வழங்க முதலில் கிளாடியா விங்கிள்மன், பிறகு ஜோ லைசெட், சாரா பாஸ்கோ. இவர்கள் யாரும் தையல்காரர்கள் இல்லை. கடைசி இருவரும் மேடையில் நகைச்சுவை செய்கிறவர்கள். தெரியாதவர் ஒருவர் நடுவில் நின்று "இப்போ என்ன பண்றீங்க, இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு வசதி என்பதை வகுப்பு எடுக்கிற எனக்குக் கேட்டால் சொல்வேன். சமீப காலமாகப் படப்பிடிப்பு நடப்பது லீட்ஸ் பக்கத்தில் ஃபார்ஸ்லி என்கிற ஊரில் இருக்கும் பழைய கம்பளி ஆலையில், சன்னி பேங்க் மில்ஸ் என்று பெயர். தறி ஓடி நின்றுபோன கட்டடத்தில் பொழுதுபோக்காகத் தைக்கிறவர்களின் மெஷின் ஓடுகிறது. இதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஒவ்வொரு வாரமும் மூன்று சுற்று. முதல் சுற்றில் எல்லோருக்கும் ஒரே பேட்டர்ன், அதாவது அளவு போட்டு அச்சடித்த காகித வெட்டு, கூடவே எப்படித் தைப்பது என்று குறிப்பு. துணியை மட்டும் அங்கேயே இருக்கும் அலமாரிகளிலிருந்து அவரவர் எடுத்துக்கொள்ளலாம். பாதிப் பேரின் தலைவிதி இங்கேயே எழுதப்பட்டுவிடும். ஐந்து நிமிஷத்தில் ஓடிப்போய் அழகாக வழுக்குகிற சாட்டினையோ பெரிய கட்டம் போட்ட கம்பளித் துணியையோ தூக்கிக்கொண்டு வருவார்கள், நான் இங்கே தலையில் கை வைத்துக்கொள்வேன். கட்டம் போட்ட துணி என்றால் பக்கத் தையலில் கோடும் கோடும் சேர வேண்டும், பின் பக்கம் ஜிப் இருந்தால் அங்கேயும் சேர வேண்டும், பாக்கெட் வைத்தால் பாக்கெட்டிலும் சேர வேண்டும். சாட்டினில் ஒரு தடவை ஊசி இறங்கினால் பிரித்த பிறகும் ஓட்டை நிற்கும். வெல்வெட் எடுத்தவர் பாடு இன்னும் மோசம், அதன் முடி எந்தப் பக்கம் படுக்கிறது என்று பார்க்காமல் ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டிவிட்டால் இரண்டு துண்டும் இரண்டு கலராகத் தெரியும், இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தாலோ பளபளவென்று தழும்பு விழுந்துவிடும். இதெல்லாம் தெரிந்தவர்களும் எடுப்பார்கள். அலமாரி முன்னால் நிற்கும்போது புத்தி வேலை செய்யாது போல, நம் தி.நகர்க் கடைகளில் நிற்கும்போது யாருக்குத்தான் வேலை செய்கிறது?

இந்தச் சுற்றில் எனக்குப் பிடித்தது உடுப்புக்குக் கை வைத்துத் தைக்கிற கட்டம். கோட்டோ, விறைப்பாக நிற்கிற மேலுடுப்போ என்றால், கையின் மேல் வளைவு எப்போதும் ஆர்ம்ஹோல், அதாவது கை பொருந்துகிற ஓட்டையின் சுற்றளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வெட்டப்பட்டிருக்கும், ஒரு இன்ச் அல்லது அதற்கு மேல். தோள் உருண்டை அல்லவா, அது உள்ளே உட்கார இடம் வேண்டும். அந்த ஒரு இன்ச்சை மடிப்பு விழாமல் உள்ளே காணாமல் போகச் செய்ய வேண்டும். தையல் விடும் ஓரத்தில் பெரிய தையலாக இரண்டு வரிசை ஓட்டி, பாபின் நூலை, அதாவது அடி நூலை மட்டும் இரண்டு விரலால் மெல்ல இழுத்து, வந்த சுருக்கத்தை முன்னும் பின்னும் பரப்பி, நிறைய குண்டூசி குத்தி, ஆவி காட்டி, அப்புறம் கைத் துண்டைப் பார்த்தபடி மெதுவாக மெஷினில் விட வேண்டும். கேமரா அந்த விரல் நுனிக்கு வந்து நிற்கும். தைத்து முடித்து வெளிப் பக்கம் திருப்புவார்கள். சரியாக வந்திருந்தால் அங்கே ஒன்றுமே நடக்காதது மாதிரி மொழுமொழுவென்று இருக்கும், வராவிட்டால் தோளில் குட்டிக் குட்டிக் குடைமாதிரி மடிப்பு. அந்த இரண்டு வினாடிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்ளாதவர் யாரும் கிடையாது, தையல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

அதற்கு அடுத்துதான் நிஜமான நாடகம்: பிரிப்பதா, விடுவதா? கடிகாரத்தில் இருபது நிமிஷம் இருக்கிறது. ஜிப்பை வெளியே தெரியாத மாதிரி வைத்தாயிற்று, ஆனால் மேலே இழுத்துப் பார்த்தால் இடுப்புத் தையல் ஒரு பக்கம் கால் இன்ச் ஏறி நிற்கிறது. பிரித்தால் சரி செய்யலாம், ஆனால் கீழ் மடிப்பு அடிக்க நேரம் இருக்காது. விட்டால் நடுவர் விரல் நேராக அங்கேதான் போகும். இது முழுக்க மனசுக்குள் நடக்கிற விஷயம், ஆனாலும் முகத்தில் அப்படியே எழுதியிருக்கும். சிலர் ஒரு வார்த்தை பேசாமல் தையல் பிரிக்கிற ரிப்பரை எடுப்பார்கள். சிலர் "தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்கள், கல்யாண சீசனில் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்கிற வசனம்தான். ஒரு ஆளின் குணம் என்ன என்பது இந்த இடத்தில் தெரிகிற அளவுக்கு, சண்டை மூட்டி விடுகிற ரியாலிட்டி ஷோக்களில்கூடத் தெரியாது. நேர நெருக்கடியிலும் தையலுக்கென்று ஒரு பிடிவாதம் இருக்கிறது, துணியை வெட்டினால் வெட்டினதுதான், குறைந்த துணியைத் தாளிப்பில் சரி பண்ண முடியாது. அதனால் கத்திரி வைக்கிற காட்சிக்கே ஒரு கனம் இருக்கும்.

இரண்டாவது சுற்று பழையதைப் புதுசாக்குவது. ஆரம்ப காலத்தில் கடையில் வாங்கின சாதாரண மேல்சட்டையின் கழுத்தை மாற்று என்கிற மாதிரிச் சின்ன ஆல்டரேஷன் வேலையாக இருந்தது, போகப் போகத் திரைச்சீலையில் கவுன், ஆம்பிளைச் சட்டையில் பாவாடை என்று கற்பனை ஓட்டுகிற சுற்றாக மாறியது. நேரம் ஒன்றரை மணி போல. பலருக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். எனக்கு இதுதான் பலவீனமான சுற்று. உடுப்பு பொம்மை மேல் நிற்கிறது, அசையாது, உட்காராது. முன்னால் பார்க்க ஜோராக இருக்கும், உள்ளே திருப்பினால் பிசிறு தொங்கும். இந்தச் சுற்று வரும்போது எழுந்து போய் டீ போடலாம்.

மூன்றாவது சுற்றுதான் நிகழ்ச்சியின் உயிர், ஆளுக்கு அளவெடுத்துத் தைப்பது. மாடலாக வருகிறவர்கள் எல்லாம் ஒல்லிக்குச்சி பெண்கள் இல்லை, எல்லா உடல்வாகும் எல்லா வயதும் வருகிறது, குழந்தைகள் வாரம் என்றால் ஓரிடத்தில் நிற்காத குட்டிகள். அச்சடித்த பேட்டர்ன் யாரோ ஒரு சராசரி ஆளுக்காகப் போட்டது, நேரில் அந்தச் சராசரி ஆள் யாரும் கிடையாது. ஒருவருக்கு வலது தோள் இறக்கம், ஒருவருக்கு முதுகு உள்வாங்கி இடுப்புக்கு மேல் துணி கூடிக்கொள்ளும், ஒருவருக்கு மார்பளவுக்கு வெட்டினால் தோள் வழிகிறது. உடம்பு வளைவுக்காகப் பிடிக்கிற கூர் மடிப்பான டாட்டைக் கொஞ்சம் இறக்கி, பக்கத்தில் பிடித்து, கழுத்தில் ஒரு நூல் அளவு விட்டு என்று அளந்து அளந்து குத்துவார்கள். நடுவர்கள் வந்து மாடலைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, பின்னால் முதுகில் தொங்குகிற துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக் காட்டுவார்கள், கையைத் தூக்கச் சொல்வார்கள். கையைத் தூக்கும்போது மொத்த உடுப்பும் கூடவே மேலே வந்தால் முடிந்தது கதை, ஆர்ம்ஹோல் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். பொம்மை எதையும் மன்னிக்கும், நிஜ உடம்பு மன்னிக்காது.

கிராஸ் கட் வாரம் ஒன்று வந்தால் தவறவிடாதீர்கள். நம் ஊர் ரவிக்கையில் கிராஸ் கட் எல்லோருக்கும் தெரிந்ததுதான், துணியின் நூலோட்டத்துக்கு 45 டிகிரி சாய்த்து வெட்டினால் துணி இழுபடும், உடம்போடு ஒட்டி உட்காரும். பாரிஸில் மாடலீன் வியோனே என்கிற பெண்மணி 1920-களில் முழு கவுனையே இப்படி வெட்டிப் பேர் வாங்கினார். அழகு அள்ளும், ஆனால் அப்படி வெட்டின துணி தன் கனத்திலேயே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பொறுமையுள்ளவர்கள் ஒரு ராத்திரி தொங்கவிட்டு, இறங்கின வரைக்கும் இறங்கட்டும் என்று விட்டு, மறுநாள்தான் கீழ் ஓரத்தைச் சமன் செய்வார்கள். போட்டியில் ராத்திரிக்கு எங்கே போவது? மடிப்பு அடித்து நிமிர்ந்த பிறகும் ஓரம் அலை அலையாக நெளிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

நம் ஆட்களுக்கு ரொம்பவும் நெருக்கமாக இருக்கக்கூடிய ஒரு போட்டியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2014-ல் வந்த இரண்டாம் பாகத்தில் சினேலோ பாலி என்று ஒரு பெண், நைஜீரியக் குடும்பப் பின்னணி, அத்தையிடம் தைக்கக் கற்றுக்கொண்டவர். அவருக்குக் காகிதப் பேட்டர்ன் பழக்கமே கிடையாது. அளவை எழுதிக்கொண்டு, துணியை விரித்து, சாக்பீஸால் நேராகக் கோடு போட்டு வெட்டிவிடுவார். நம் தெரு டெய்லர் எல்லோரும் செய்வது அதுதானே, பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டால் போதும், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு டேப்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டுக் கத்திரியை ஓட்டிவிடுவார்கள். ஆனால் அங்கே அதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். முதல் சுற்றில், எல்லோரும் பேட்டர்னைப் பார்த்துத் தைக்கிற இடத்தில், சினேலோவுக்கு அது கஷ்டமாக இருந்தது. அளவெடுக்கிற சுற்றில் பறந்தார். இறுதிச் சுற்று வரைக்கும் போனார், பட்டம் ஹெதர் ஜாக்ஸ் என்கிறவருக்குப் போனது. பேட்டர்ன் இல்லாமல் வெட்டுவது குறைச்சலான அறிவு இல்லை, அது வேறு ஒரு பள்ளிக்கூடம் என்பதை அந்த ஊர் மேடையிலேயே ஒருவர் செய்து காட்டியது எனக்குத் தனி சந்தோஷம்.

நடுவர்களைப் பற்றி. ஆரம்பத்திலிருந்து இருக்கிறவர் பேட்ரிக் கிராண்ட். இவர் டெய்லராக வளர்ந்தவர் இல்லை, இன்ஜினியரிங் பக்கம் படித்து, எம்பிஏ படிக்கிறபோது கோட் சூட் தையலுக்குப் பேர்போன லண்டன் சாவில் ரோ தெருவில் நார்ட்டன் அண்ட் சன்ஸ் என்கிற 1821-லிருந்து இருக்கும் தையல் கடை விலைக்கு வருகிறது என்று தெரிந்து, 2005-ல் அதை வாங்கினவர். கூட இருந்தவர் மே மார்ட்டின், பெண்கள் சங்கங்களில் தலைமுறை தலைமுறையாகத் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா. 2016-லிருந்து அவர் இடத்தில் எஸ்மே யங். 1972-ல் தோழிகளோடு கேம்டனில் ஸ்வாங்கி மோட்ஸ் என்று கடை போட்டவர், சினிமாவுக்கு உடை வெட்டியவர், சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் பேட்டர்ன் வெட்டக் கற்றுக்கொடுத்தவர். பெரிய வட்டக் கண்ணாடியோடு வந்து, ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் உடுப்பை உள்ளே வெளியே திருப்பிப் பார்ப்பார். இருவரும் கத்துவதில்லை, யாரையும் அவமானப்படுத்துவதில்லை. "கழுத்து நன்றாக வந்திருக்கிறது, மடிப்பு நேராக இல்லை", அவ்வளவுதான். நம் ஊர் நடுவர்கள் சிலர் இதைப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

தொழில்முறை ஆட்களை வைத்து இதே மாதிரி நடத்தியதும் உண்டு. அமெரிக்காவில் 2004-ல் ஹைடி க்ளூம் தொகுத்துத் தொடங்கிய 'ப்ராஜெக்ட் ரன்வே'. அதில் வருகிறவர்கள் டிசைனர் ஆக வேண்டும் என்று வந்தவர்கள், பெரிய பரிசுப் பணம் இருக்கிறது, வாழ்க்கையே பணயம், அதனால் பொறாமையும் கண்ணீரும் ஒரு பக்கம் ஓடும். ஸ்யூயிங் பீயில் ஜெயித்தால் பணம் கிடையாது, ஒரு கோப்பைதான். தோற்றவர் திங்கட்கிழமை வேலைக்குப் போகப் போகிறார். அதனால்தான் வேலை முடிந்தவர் எழுந்து போய்ப் பக்கத்து மேஜைக்காரருக்குக் குண்டூசி எடுத்துக் கொடுப்பார், பிரிந்த நூலை இழுத்துக் கொடுப்பார். இது நடிப்பு என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே பாவாடைக் கொசுவத்தோடு மல்லுக்கட்டினவர்களுக்குள் அது தானாகவே வரும்.

யார் யார் வருகிறார்கள் என்பதே பாதிச் சுவாரஸ்யம். முதல் பாகத்திலேயே கனரக லாரி மெக்கானிக் ஒருவர் வந்தார், பழங்கால பாணி உடைகள் தைப்பது அவர் பொழுதுபோக்கு. மூன்றாம் பாகத்தில் ராணுவ மேஜர் ஒருவர் இறுதிச் சுற்று வரை போனார், அந்த ஆண்டு ஜெயித்ததும் ஒரு ஆண்தான், மேட் சாப்மன். ஆம்பிளை தைக்கிறார் என்பது அங்கே ஆச்சரியம், நமக்கு ஆச்சரியமே இல்லை, நம் தெருமுனையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர் அண்ணாச்சிதான். ஆனால் வீட்டில் மனைவிக்கோ பிள்ளைக்கோ ஆசைக்காகத் தைக்கிற ஆண் என்றால் இங்கேயும் ஆச்சரியம்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் டாக்டர்கள். 2020-ல் ஜெயித்த கிளேர் பிராட்லி மருத்துவமனை டாக்டர், 2021-ல் செரினா பேக்கர் மருத்துவ மாணவி, 2023-ல் அஸ்மா அல்-அல்லாக் மார்பக அறுவை நிபுணர். ஆள் மேல் தையல் போடுகிறவர்களுக்குத் துணி எம்மாத்திரம் என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். கிளேர் ஜெயித்த பாகம் ஒளிபரப்பானது ஊரடங்கு நேரம், எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தார்கள், பேட்ரிக் கிராண்ட் அப்போது வீட்டில் மெஷின் இருக்கிறவர்களை மாஸ்க் தைக்கக் கூப்பிட்டு ஒரு முயற்சியும் எடுத்தார்.

எல்லோரையும்விட முதல் பாகத்தில் ஜெயித்த ஆன் ராலியைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். அப்போது அவருக்கு 81 வயது. பதறவே மாட்டார். மற்றவர்கள் துணி அலமாரியைச் சுற்றி ஓடும்போது அவர் மேஜையில் உட்கார்ந்து நிதானமாகக் குண்டூசி குத்திக்கொண்டிருப்பார், கடைசியில் நேரத்துக்கு முடித்தும் இருப்பார். அவர் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தபோது அவர் பத்து வயதை ஒட்டின பிள்ளை. ஒரு பெரியவருக்கு முதல் வருஷத்துக்கு 66 கூப்பன், ஒரு கம்பளி கவுன் வாங்கினால் அதில் 11 போய்விடும். 1949 வரைக்கும் ரேஷன் நீடித்தது. இருப்பதை வெட்டி ஒட்டித் தைப்பது அந்தத் தலைமுறைக்குப் பிழைப்பு. அப்புறம் ரெடிமேட் வந்தது, பள்ளிகளில் தையல் வகுப்பு ஒதுங்கியது, கடைசியில் ஒரு கவுன் வாங்கும் காசுக்கு அதைத் தைக்கத் துணிகூட வாங்க முடியாது என்கிற நிலைக்கு அந்த ஊர் வந்து சேர்ந்தது. வீட்டில் தைப்பது சிக்கனம் என்கிற காரணம் போனபோது, ஆசைக்குத் தைக்கிறவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். இந்த நிகழ்ச்சியே அவர்களை நம்பித்தான் நிற்கிறது.

அந்த மலிவு உடுப்பை யார் தைத்தார்கள் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் பாகத்தின் இறுதிச் சுற்று ஒளிபரப்பானது 2013 ஏப்ரல் 23. மறுநாள் காலை வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து, உள்ளே தைத்துக்கொண்டிருந்தவர்கள் 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பிரிட்டிஷ் கடைகளுக்கும் அங்கே துணி தைத்தார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை, நிகழ்ச்சிமேல் பழி போடவும் இல்லை. ஆனால் தையல் வேலை செய்து சாப்பிடுகிற எவரும் இந்த நிகழ்ச்சியைப் பார்க்கும்போது இது ஒரு ஓரத்தில் இருக்கத்தான் செய்யும். பேட்ரிக் கிராண்டுக்கும் இது தெரியும், 2016-ல் கம்யூனிட்டி க்ளோதிங் என்று கம்பெனி ஆரம்பித்துப் பிரிட்டனில் மிச்சமிருக்கிற ஆலைகளுக்கு வேலை கொடுக்கப் பார்க்கிறார்.

என் வகுப்பில் ஒரு எபிசோடை எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். முதல் கேள்வி, "அக்கா, அந்தத் துணிக்கெல்லாம் காசு யாரு குடுப்பா?" நியாயமான கேள்வி. வெட்டிக் கெடுத்த பட்டுத் துணியைப் பார்த்து எல்லாரும் "ஐயையோ" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அதில் ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவள். அங்கே வேலை எப்படி என்று தெரியும் அல்லவா, ஒவ்வொரு வகை மெஷினுக்கும் ஒரு ஆள், ஓவர்லாக் அடிப்பவர் ஓவர்லாக் மட்டும், பேட்லாக் ஓட்டுபவர் பேட்லாக் மட்டும், பவர்டேபிளில் இருப்பவர் அதில் வருவதை மட்டும், கைமடிக்கத் தனி ஆள், செக்கிங்குக்குத் தனி ஆள். "நான் வருஷக்கணக்கா கழுத்துப்பட்டி மட்டும்தான் வெச்சேங்க்கா, ஒரு முழு பனியன நானே தெச்சதில்ல" என்றாள். அவளுக்கு அந்த நிகழ்ச்சியில் பிடித்தது ஜெயிப்பதோ தோற்பதோ இல்லை. ஒரே ஆள் துணியை விரித்து, வெட்டி, தைத்து, பட்டன் வைத்து, ஆள் மேல் போட்டுப் பார்க்கிறாரே, அது. உங்கள் கேள்விக்கு நான் எழுதினதையெல்லாம்விட அவள் சொன்னது நல்ல பதில்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. கொடுக்கிற நேரம் அநியாயம். நல்ல கோட் ஒன்றை ஒழுங்காகத் தைக்க நாள்கணக்கில் ஆகும், அவர்கள் மணிக்கணக்கில் முடிக்கச் சொல்லிவிட்டு ஃபினிஷிங் சரியில்லை என்பார்கள். தையலில் பாதி வேலை இஸ்திரி, ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து போய்த் தேய்த்துவிட்டு வர வேண்டும், டிவியில் அதை வெட்டிவிடுவதால் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர்கள் மெஷினைவிட்டு எழவே மாட்டேன் என்கிறார்கள். வாரம் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதும் எனக்கு அவசியமாகப் படவில்லை, ஆனால் போட்டி என்று பெயர் வைத்த பிறகு அதை எப்படி விடுவது? பிரான்ஸ், ஜெர்மனி என்று வேறு நாட்டுக்காரர்களும் இதை எடுத்து நடத்தியிருக்கிறார்கள், அச்சு அதேதான்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். தையல் தெரிந்தவர் என்றால் 2014-ஆம் வருஷத்து இரண்டாம் பாகம், சினேலோவுக்காக. தெரியாதவர் என்றால் முதல் பாகம், நாலே எபிசோட், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும், ஆன் பாட்டியும் அதில்தான். பிடித்துப்போனால் 2019-லிருந்து வரிசையாகப் பாருங்கள், எஸ்மே அங்கே முழு வேகத்தில் இருக்கிறார். பார்க்கும்போது கையில் ஊக்கு கட்டுவது, ஃபால்ஸ் அடிப்பது மாதிரி வேலை வைத்துக்கொள்ளலாம், முதல் இரண்டு சுற்றுக்கும் ஒன்றும் ஆகாது. மூன்றாவது சுற்று தொடங்கியதும் கீழே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊசி விரலில்தான் ஏறும்.